எழுமலை லிங்க்

கோரிப்பாளையம் சிக்னலில் பஸ் நின்றுவிட்டால் டிரைவர்கள் எல்லோருக்கும் கை ஹாரனிலேயே ஒட்டிக்கொள்ளும். அந்தச் சத்தம் அவ்வளவும் மேலே ஏறி, தர்காவுக்குப் பின்சந்தில் ஒரு மாடியறையில் உட்கார்ந்திருக்கும் ஹுமாவின் ஜன்னலுக்குள் வரும். ஜன்னலைச் சாத்தலாம். சாத்தினால் மதுரை வெக்கைக்கு அறை அடுப்பாகிவிடும். அதனால் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஊரிலுள்ள கடைகளின் சர்வர்களோடு அவள் பாட்டுக்கு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பாள்.

சர்வர் என்றதும் கண்ணாடி அறையையும் நீல விளக்கையும் நினைத்துவிட வேண்டாம். ஹுமா பார்க்கும் சர்வர்கள் கல்லாவுக்குப் பின்னால், சாமி படத்துக்குக் கீழே, பழைய காலண்டர்களுக்கு நடுவில் தூசி படிந்து கிடக்கும் கறுப்புப் பெட்டிகள். கடையின் சரக்கு, விற்பனைக் கணக்கு எல்லாம் அதற்குள்தான் இருக்கும். வெளியூரில் கிளை வைத்திருப்பவர்கள் இன்டர்நெட் வழியாக அந்தப் பெட்டியைப் பிடித்துத்தான் பில் போட வேண்டும். பிடி விட்டால் ‘லிங்க் போச்சு’ என்பார்கள். போன லிங்க்கைக் கொண்டுவந்து சேர்ப்பது ஹுமாவின் பிழைப்பு.

அத்தர் கடை முகைதீன் பிச்சையின் ஒரே மகள் அவள். படித்தது கம்ப்யூட்டர் சயின்ஸ். படித்து முடித்த கையோடு கே.கே. நகரில் ஒரு கம்பெனியில் வேலை, அப்புறம் கல்யாணம். மாப்பிள்ளை மன்சூர் கெட்டவன் இல்லை. ஆனால் ஒட்டவில்லை. சில கல்யாணங்கள் அப்படித்தான், சண்டைகூட வராது. ஜமாத்தில் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, இரண்டு பக்கத்தையும் குறை சொல்லாமல் பிரித்துவைத்தார்கள். ஹுமா தன் பெட்டியோடு வந்து அத்தா வீட்டு மாடியில் ஏறியவள்தான், வேலையையும் அங்கேயே வரவழைத்துக்கொண்டாள்.

வேலையில் அவள் கில்லாடி. யார் என்ன அவசரத்தில் கூப்பிட்டாலும் பதறமாட்டாள். முதலில் அந்தப் பக்கம் நெட் இருக்கிறதா என்று கேட்பாள். பிறகு சர்வர் உயிரோடு இருக்கிறதா, அதன் கதவு திறந்திருக்கிறதா, கடைசியாகத்தான் பெயரும் பாஸ்வேர்டும். இந்த வரிசையை விட்டுத் தாவமாட்டாள். பாதிப் பேர் பாஸ்வேர்டைத்தான் முதலில் மாற்றிப் பார்க்கிறார்கள், வீட்டையே கண்டுபிடிக்காமல் சாவியைத் தேடினால் என்ன பிரயோசனம் என்பாள்.

அவளுடைய வாடிக்கைக் கடைகளில் பெரியது கீழமாசி வீதியில் பத்ரிநாத் நடத்தும் பம்ப்செட் கடை. பத்ரிநாத் சௌராஷ்டிரக்காரர். பட்டும் நூலுமாக இருந்த குடும்பத்தில் அவர் ஒருவர்தான் இரும்புக்கு வந்தவர். அதனாலோ என்னவோ இரும்பின்மேல் அவருக்கு ஏகப்பட்ட பக்தி. மாதம் தவறாமல் அமாவாசை அன்று சாயங்காலம் கடையைத் தண்ணீர் விட்டுக் கழுவி, மெஷின்களுக்குச் சந்தனம் வைத்து, வாசலில் பூசணிக்காய் உடைப்பார். தண்ணீர் புழங்குவதால் மெயினை இறக்கிவிடுவார். யுபிஎஸ்ஸையும் விடமாட்டார். “அதுவும் மெஷின்தானம்மா, ஒரு ராத்திரி தூங்கட்டும்” என்பார்.

மெஷின்கள் தூங்கி எழும்போதெல்லாம் வேறு விலாசத்தோடு எழுந்தன. அதாவது, கடைக்குள் இருக்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் ரவுட்டர் ஒரு எண் கொடுக்கும். காலையில் மெயினைப் போட்டதும் யார் முதலில் விழித்துக்கொள்கிறார்களோ அவர்களுக்கு முதல் எண். நேற்று வரை சர்வரிடம் இருந்த எண் இன்று கேமரா பெட்டியிடம் போயிருக்கும். வெளியூரிலிருந்து வருகிற லிங்க் பழைய எண்ணைத் தேடிப் போய், கேமராவின் வாசலில் முட்டிக்கொண்டு நிற்கும். கடைக்குள் இருப்பவர்களுக்கு எந்தக் கஷ்டமும் இல்லை. அவர்கள் சர்வரைப் பெயர் சொல்லியே பிடித்துக்கொள்வார்கள். அல்லாடுவது மேற்கே எழுமலையில் இருந்த அவருடைய கிளைக் கடை மட்டும்தான்.

எழுமலைக் கிளையில் இருந்தவர் காசிமாயன். மூன்று வருஷத்துக்கு முன்னால், ஓர் அமாவாசைக்கு மறுநாள் காலையில் முதன்முதலாகக் கூப்பிட்டார்.

“மேடம், எழுமலைல இருந்து பேசுறேன். லிங்க் போயிருச்சு. சனம் நிக்குது.”

“ஸ்க்ரீன்ல என்ன காட்டுதுண்ணே? அப்படியே வாசிங்க.”

அவர் கோர்ட்டில் சத்தியம் செய்கிற மாதிரி நிறுத்தி நிறுத்தி வாசித்தார். “சர்வர் வாஸ் நாட் ஃபவுண்ட் ஆர் வாஸ் நாட் ஆக்ஸஸிபிள். அப்படின்னா என்னங்க?”

“சர்வரைக் காணோம், இல்லாட்டி எட்ட முடியலைன்னு அர்த்தம்ணே.”

“காணோமா, எட்ட முடியலையா? ரெண்டும் வேற வேறயில்லைங்களா?”

இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை. ஹுமா சிரித்துவிட்டாள். “இருக்கு. எட்ட முடியலை,” என்றாள். அன்றைக்கு ரவுட்டரில் எண்ணை மாற்றிக் கொடுத்தாள், லிங்க் வந்துவிட்டது. சர்வருக்கு நிலையான ஓர் எண்ணைக் கொடுத்துவிட்டால் ஜென்மத்துக்கும் இந்தத் தொல்லை இல்லை. அதற்குக் கடைக்கு நேரில் போய்ப் பெட்டியின் முன்னால் உட்கார வேண்டும். அடுத்த வாரம் போய்க்கொள்ளலாம் என்று விட்டாள். அதில் குற்றமில்லை.

இரண்டாம் மாதமும் மறந்துவிட்டாள் என்றே வைத்துக்கொள்வோம். மூன்றாம் மாதம் காலண்டரை எடுத்து அமாவாசை என்றைக்கு என்று பார்த்தாள் பாருங்கள், அங்கேதான் கெட்டது கதை.

அதற்குப் பிறகு கீழமாசி வீதிக்கு எத்தனையோ முறை போனாள். பிரிண்டர் பார்த்தாள், புதுக் கம்ப்யூட்டர் வைத்தாள். அந்தக் கறுப்புப் பெட்டியைத் தாண்டித்தான் போனாள், வந்தாள். அந்த ஓர் எண்ணை மட்டும் தொடவில்லை.

லிங்க் போகும் காலைகளில் ரவுட்டரில் எண்ணை மாற்ற இரண்டு நிமிஷம் போதும். அவளோ காசிமாயனிடம் கேபிளைப் பிடுங்கிச் செருகச் சொல்வாள், கம்ப்யூட்டரை அணைத்துப் போடச் சொல்வாள். அது திரும்ப எழுந்திருக்கும்வரை பேச்சு ஓடும். மேற்கே மலையில் மழை இறங்குகிறது என்பார். பஸ்ஸ்டாண்டில் புதிதாக ஒரு புரோட்டா கடை, மாவு சரியில்லை என்பார். காய்ச்சலில் மனைவி தவறிப்போய் ஆறு வருஷமாகிறது என்பதையும் அப்படியொரு இடைவெளியில்தான் சொன்னார். சொல்லிவிட்டு, “இந்தா, ஆன் ஆயிருச்சு மேடம்” என்றார். அவள் அன்று முழுக்க வேறு வேலையில் மனசு செல்லாமல் கிடந்தாள்.

மதுரையில் ஒரு பெண் முன்பின் தெரியாத ஆணோடு பேச ‘அண்ணே’ என்ற சொல் போதும், அது வேலி போட்ட மாதிரி. ஹுமா எப்போதிலிருந்து காசிமாயனை அண்ணே என்று கூப்பிடுவதை நிறுத்தினாள் என்று அவளுக்கே தெரியாது. வேறு எதுவும் சொல்லியும் கூப்பிடவில்லை. ‘சொல்லுங்க’ என்று மட்டும் ஆரம்பிப்பாள். ஒருவரையொருவர் பார்த்ததில்லை. எழுமலைக்கு நேர் பஸ் இருக்கிறது. என்ன சொல்லிக்கொண்டு ஏறுவது? அவள் கோரிப்பாளையத்துப் பெண், அவர் எழுமலைக்காரர். நடக்கிற காரியமா என்று ஒரு வார்த்தை மனசுக்குள் வரும்முன்பே அடக்கிவிடுவாள். ஆனால் அந்தக் குரலுக்காக அவள் ஏங்கினாள், அதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

அம்மா ஷரீபாவுக்கு மட்டும் ஏதோ பொறி தட்டியது. அமாவாசைக்கு மறுநாள் காலையிலேயே மகள் குளித்து, தலைவாரி, டீயோடு போன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, “யாரும் வாராங்களா?” என்று கேட்டாள்.

“யாரும் வரலைம்மா. எழுமலை லிங்க் போகும்.”

“போகும்னு இப்பமே எப்படித் தெரியும்?”

ஹுமாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

இப்படியே ஓடியிருக்கும். ஆனால் போன மாதம், லிங்க் போன காலையில், எழுமலைக் கடை வாசலில் ராமக்காள் என்ற விவசாயப் பெண் நின்றுகொண்டிருந்தாள். கிணற்று மோட்டார் எரிந்துபோய்விட்டது, வெங்காயம் வாடுகிறது, புது மோட்டார் வேண்டும். பில் விழாமல் சரக்கு வெளியே போகக்கூடாது என்பது பத்ரிநாத்தின் கட்டளை. காசிமாயன் போனில், “மேடம், ஒரு அம்மா அவசரமா நிக்குது” என்று இரண்டு முறை சொன்னார். “இப்ப வந்துரும்” என்றாள் ஹுமா. சொல்லிவிட்டு வழக்கம்போல் கேபிளைப் பிடுங்கச் சொன்னாள். கம்ப்யூட்டரை அணைத்துப் போடச் சொன்னாள். ராமக்காள் அழ ஆரம்பித்துவிட்டாள். பொறுக்கமாட்டாமல் காசிமாயன் வெள்ளைத்தாளில் எழுதிக்கொடுத்து மோட்டாரை ஏற்றி அனுப்பிவிட்டார்.

அது ஹுமாவுக்குத் தெரியாது. சில நாள் கழித்து பத்ரிநாத் பிரிண்டர் பார்க்கக் கூப்பிட்டபோதுதான் தெரிந்தது.

“அந்த எழுமலை ஆளை நிப்பாட்டிரலாம்னு இருக்கேம்மா,” என்றார் அவர், வெற்றிலையை மடித்தபடி. “மாசாமாசம் அங்க லிங்க் போகுது. இங்க நமக்குப் போகுதா? இல்லையே. அப்ப அவருக்கு மெஷினை வைக்கத் தெரியலைன்னுதான அர்த்தம். போதாக்குறைக்கு, வெங்காயம் காயுதுன்னு ஒரு அம்மா அழுதுச்சாம், பில்லு இல்லாம மோட்டாரைத் தூக்கிக் குடுத்திருக்காரு. தங்கச்சி மகன் ஸ்ரீநாத் படிச்சிட்டு சும்மாதான் இருக்கான். அடுத்த அமாவாசைக்கும் லிங்க் போச்சுன்னா அவனை அனுப்பிருவேன்.”

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான். ஹுமா பிரிண்டரை அப்படியே விட்டாள். வெங்காயம் காய்ந்த ஒரு பெண் வாசலில் அழ, தான் இங்கே புரோட்டா மாவைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறோம். அந்த மனுஷன் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. வேலை போகும் நிலையிலும், லிங்க் ஏன் மாசாமாசம் போகிறது என்று ஒருமுறைகூட அவளைக் கேட்கவில்லை.

“சார், தப்பு அங்க இல்லை,” என்றாள். “இங்கதான். நம்ம சர்வர்ல. நான் சரி பண்ணியிருக்கணும்.”

“இம்புட்டு நாளாவா?”

“இம்புட்டு நாளா.”

பத்ரிநாத் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, “சரி, இப்பவாவது பாரு. அவரை நான் ஒண்ணும் சொல்லலை” என்று கல்லாவுக்குத் திரும்பிவிட்டார்.

ஹுமா பெட்டியின் முன்னால் உட்கார்ந்தாள். சந்தனப் பொட்டு காய்ந்து உதிர்ந்திருந்தது. எண்ணை அடித்தாள். சேமிக்கவா என்று அது கேட்டது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்க, கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரி என்ற பொத்தானை அமுக்கினாள். பரீட்சைக்கு ரவுட்டரை அணைத்துப் போட்டாள். சர்வர் அதே எண்ணோடு எழுந்தது. வேலை சுத்தமாக முடிந்திருந்தது, அவள் வேலை என்றைக்குமே சுத்தம்தான்.

அமாவாசை வந்தது. கீழமாசி வீதியில் கடையைக் கழுவினார்கள், பூசணிக்காய் உடைத்தார்கள், மெயினை இறக்கினார்கள். மறுநாள் காலையில் ஹுமா குளித்து, தலைவாரி, பழக்கதோஷத்தில் போன் பக்கத்தில் உட்கார்ந்தாள். கடை திறக்கும் நேரம் ஆனது. போன் அடிக்கவில்லை. தன் கம்ப்யூட்டரிலிருந்து எழுமலையைப் பார்த்தாள். பில்கள் ஒழுங்காக விழுந்துகொண்டிருந்தன. பைப் விற்றிருந்தது, ஒரு மோட்டார் விற்றிருந்தது. நல்ல வியாபாரம். அவர் வேலை பிழைத்தது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம், பட்டாள். பட்டுவிட்டு, டீயைக் குடிக்காமல் கீழே கொண்டுபோய்க் கொட்டினாள். ஷரீபா பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டாள்.

மத்தியானம் சாப்பாட்டு நேரம் தாண்டிப் போன் வந்தது.

“மேடம், எழுமலைல இருந்து காசிமாயன்.”

“சொல்லுங்க.”

“லிங்க் போகலைங்க.”

“ம்.”

“காலைல இருந்து பாக்குறேன். நல்லாத்தான் ஓடுது.”

“சரி பண்ணிட்டேன். இனிமே போகாது.”

“கரண்ட் போனாலுமா?”

“போனாலும் போகாது.”

“மொதலாளி கடையைக் கழுவினாலும்?”

“கழுவினாலும்.”

“நல்லதுங்க,” என்றார் அவர். நல்லது என்ற சொல்லை அவ்வளவு சோர்வாக யாரும் சொல்லி அவள் கேட்டதில்லை. பேச்சு அதோடு முடிந்திருக்க வேண்டும். இருவரும் வைக்கவில்லை. அந்தப் பக்கம் யாரோ பைப் விலை கேட்டார்கள். “இந்தா வாரேன், சித்த பொறுங்க” என்று அவர்களிடம் சொன்னார். மறுபடியும் போனுக்கு வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“எதுக்கும் எல்லாத்தையும் ஒருதடவை செக் பண்ணிப் பாத்துருவமா, மேடம்?”

பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை என்று அவளுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

“பாத்துருவோம்,” என்றாள் ஹுமா. “மெதுவாவே பாப்போம்.”