ஆவணியில் சேர்ந்த பைலட்

சௌமியாவுக்கு ஆடி மாதத்தைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். புதுச்சத்திரத்தில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கும் சந்திரசேகரின் ஒரே மகள் அவள். விமான கம்பெனியில் துணை பைலட்டாக வலது சீட்டில் உட்கார்ந்து ஏழு வருடம் ஆகிறது. இடது சீட்டு கேப்டனுடையது. அது இன்னும் கைக்கு எட்டாததற்குக் காரணம் பஞ்சாங்கம் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

வேலைக் கடிதம் வந்தபோது ஆடி பிறந்து நான்கு நாள்; ஒரு வாரத்தில் வந்து சேரச் சொல்லியிருந்தார்கள். சந்திரசேகர் பட்டறையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். ஆடியில் எவன் புது லாரியை வெளியே எடுப்பான்? விஷயத்தைக் கேட்டதும் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்.

"ஆடில போயி வேலைல சேருவாங்களா சாமி? ஆவணி ஒண்ணாந்தேதி வாரேன்னு எழுதிப் போடு. அவங்க எங்க ஓடிப் போயிருவாங்க?"

எழுதிப் போட்டாள். அவர்களும் மரியாதையாகவே, அடுத்த பேட்சில் சேர்ந்துகொள்ளலாம் என்று பதில் போட்டார்கள். மூன்று வாரம்தானே என்று இருந்துவிட்டாள், பைத்தியக்காரி.

போன பிறகுதான் விளங்கியது. அங்கே எவன் கெட்டிக்காரன் என்று யாரும் கேட்பதில்லை, எவன் முதலில் சேர்ந்தான் என்பதுதான் பேச்சு. சேர்ந்த தேதியை வைத்து ஆளுக்கொரு வரிசை எண். எந்த விமானம், எந்த ஊர், எப்போது கேப்டன், தீபாவளிக்கு லீவு உண்டா இல்லையா, எல்லாம் அந்த எண்ணின்படிதான். ஆடியில் சேர்ந்த நாற்பத்தெட்டு பேர் அவளுக்கு முன்னால் நின்றார்கள்.

அவள் கேட்டது எழுபது பேர் போகிற சின்ன விமானம். அதில் மூத்தவர்கள் குறைவு, நாலைந்து வருடத்தில் கேப்டன் ஆகிவிடலாம். அவள் முறை வருவதற்குள் அந்த இடங்கள் தீர்ந்துபோயின. மிஞ்சியது பெரிய ஜெட். அதில் அவளுக்கு முன்னால் ஆயிரம் பேர். ஊரிலோ ஒரே கொண்டாட்டம். "பெரிய பிளேனு குடுத்திருக்காங்க, பாத்தீங்களா! ஆவணியில சேந்த ராசி!" என்று பட்டறைக்கு வந்தவர்களுக்கெல்லாம் அப்பா டீ வாங்கிக் கொடுத்தார். மிஞ்சியதுதான் அது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

கூடப் படித்த ஆனந்தகுமார் ஆடியில் சேர்ந்தவன். விமானத்தை இறக்கும்போதெல்லாம் தரையோடு மல்லுக்கட்டுவான். சின்ன விமானம் கிடைத்து, ஐந்தே வருடத்தில் தோளில் கேப்டனுக்குரிய நாலு பட்டையோடு சேலத்துக்கே ஓட்டி வந்தான். அவனோடு நின்று எடுத்த போட்டோவை அப்பா பெருமையாக அனுப்பி வைத்தார். அன்றைக்கு அவள் போனைத் தூக்கிக் கட்டிலில் எறிந்தாள்.

இந்த வருடம் லீவில் வந்திருந்தபோது ஒரு காலையில் கம்பெனியிலிருந்து அழைப்பு. ஏழு வருடத்தில் வரிசை மெல்லக் கரைந்திருந்தது; அவளுக்கு நேர் முன்னால் இருந்தவர் ஊர் மாற மனமில்லாமல் விலகிவிட்டதால், கேப்டன் பயிற்சி அவள் எண்ணுக்கு வந்திருந்தது. திங்கட்கிழமை ஆரம்பம். மதியத்துக்குள் சம்மதம் சொல்லாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

விஷயத்தைச் சொன்னதும், சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தார். "திங்கக்கெழம ஆடி ஆறாச்சே சாமி. ஆவணி பொறக்கட்டும்னு சொல்லிப்போடு."

ஏழு வருடத்துக் கோபமும் ஒன்றாகக் கிளம்பியது. "அந்த ஆவணிதானுங்க எம் பொழப்பக் கெடுத்துச்சு!" என்று கத்தினாள். அடுப்படியிலிருந்து அம்மா பாவாயி ஓடி வந்தாள்.

"ஆடிப்பட்டம் தேடி வெதைன்னு சொன்னதும் நம்ம சனந்தானுங்களே? காட்டுக்கு ஆகற ஆடி எனக்கு மட்டும் ஆகாதுங்களா? மூணு வாரம் தள்ளிச் சேந்ததுல நாப்பத்தெட்டுப் பேரு முன்னால போயிட்டாங்க. பெரிய பிளேனு ராசில வரலீங்கப்பா. சின்னது தீந்துபோயி, மிச்சத்த எந்தலைல கட்டுனாங்க!"

அப்பா தட்டைத் தள்ளி வைத்தார். "எனக்கு லாரி தெரியும், பிளேனப் பத்தி என்ன தெரியும்? இத்தன வருசமா நீ ஏஞ் சாமி சொல்லல?"

கோபம் மொத்தமும் அவள் மேலேயே திரும்பியது. எழுதிப் போட்டது அவள் கைதானே. மேகத்துக்குள் நுழைய வேண்டாம் என்று கேப்டன் முகத்துக்கு நேரே சொல்லத் தெரிந்தவளுக்கு, பெற்ற தகப்பனிடம் ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லை.

அவர் முன்னாலேயே போனை எடுத்து, திங்கட்கிழமை வந்துவிடுவதாகச் சொன்னாள்.

"நல்ல நேரமாச்சும் பாத்து..." என்று அப்பா ஆரம்பித்தார்.

"பாக்காதீங்க."

அப்பாவுக்கு அவள் போட்ட முதல் உத்தரவு அது. அவர் கை கழுவ எழுந்து போனார்.