அத்தான் நிறுத்தி வைத்த படம்

விபத்து நடந்த இடத்துக்குப் போய், நடந்தது எது, ஜோடித்தது எது என்று பார்த்துக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. பதினெட்டு வருடங்களில் கேட்காத பொய் இல்லை. நல்ல பொய்யில் ஓட்டையே இருக்காது. உண்மையில் நடந்ததில்தான் ஓட்டை இருக்கும். நான் சொல்லப்போவதில் ஓட்டைகள் நிறைய. ஆனால் நடந்தது. என் காதால் கேட்டேன்.

அக்காவுக்கு எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை. பழைய செல்களையெல்லாம் மருந்தால் அழித்துவிட்டு, புதியவை முளைக்கும்வரை தனி அறையில் காத்திருக்க வேண்டும். அறைக்கு இரட்டைக் கதவு. நர்சும் டாக்டரும் தவிர யாரும் உள்ளே போக முடியாது. நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று போனில் பேசுவேன். இரண்டு வாரம் தாண்டிவிட்டால் பிழைத்துக்கொள்வாள் என்றார் டாக்டர். தாண்டாவிட்டால் என்று நான் கேட்கவில்லை.

மூன்றாம் நாளே அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். சாப்பாடு இல்லை, பேச்சு இல்லை. நாலாம் நாள் அவளாகவே போன் செய்தாள்.

"வீட்ல இருக்கிற படமெல்லாம் வேணும்டா."

"டிவிடியை உள்ளே விடமாட்டாங்க அக்கா. ஸ்பிரிட் போட்டுத் துடைக்க முடிஞ்ச சாமான்தான் விடுவாங்களாம்."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. நீதான் பெரிய ஆபீசராச்சே. ஏதாவது பண்ணு."

ஒரு டேப்லெட் வாங்கினேன். டிவிடிகளை ஒவ்வொன்றாக லேப்டாப்பில் நகலெடுத்து அதில் ஏற்றிக் கொடுத்துவிடலாம். அக்கா வீட்டிலேயே தங்கிக்கொண்டேன். படங்கள் அங்கேதான் இருந்தன. ஹால் அலமாரியில் இருநூறுக்கு மேல். எல்லாம் அத்தான் சேர்த்தவை.

அத்தான் லிப்ட் மெக்கானிக். "மேல போறதும் கீழ வர்றதுமே பொழப்பாப் போச்சு, முன்னேறவே இல்ல மாப்ள" என்பார். மூன்று வருடங்களுக்கு முன்னால் வேலை செய்துகொண்டிருந்த இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை.

அவர்கள் இருவரும் படம் பார்ப்பது தனிக் கூத்து. அக்கா காலில் சக்கரம் கட்டியவள். கொடியில் துணி இருக்கிறது என்பாள், போன் அடிக்கிறது என்பாள், ஜன்னல் திறந்திருக்கிறது என்பாள். அவள் எழுந்த அடுத்த நொடி அத்தான் படத்தை நிறுத்திவிடுவார்.

"நீங்க பாட்டுக்கு ஓட விடுங்களேன். நான் அப்புறம் கதை கேட்டுக்கறேன்."

"படம் எங்கயும் ஓடிப்போகாது. நீ வா."

ஐந்து நிமிடமோ அரைமணியோ, அசையாமல் உட்கார்ந்திருப்பார். அக்கா திரும்பி வந்து உட்கார்ந்த பிறகுதான் ரிமோட்டை எடுப்பார். அதில் பேட்டரி சரியாக நிற்காது. நாற்காலியின் மரக் கைப்பிடியில் இரண்டு தட்டு தட்டிவிட்டு அமுக்குவார்.

டொக்... டொக்.

படம் ஓடும்.

முதல் தவணையாக நான்கு படங்களைச் சனிக்கிழமை நகலெடுத்தேன். லேப்டாப் பழையது. படம் எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் நகலெடுக்கவும் ஆகும். ஓடவிட்டுவிட்டு என் வேலையைப் பார்த்தேன். முடிந்ததும் ஒன்று கண்ணில் பட்டது. உறையில் நூற்று நாற்பத்திரண்டு நிமிடம் என்று போட்டிருந்த படம், நகலில் நூற்று ஐம்பத்து மூன்று நிமிடம் இருந்தது. மற்ற மூன்றும் அப்படித்தான், கொஞ்சம் கொஞ்சம் கூடுதல். நான் பெரிதுபடுத்தவில்லை.

திங்கட்கிழமை இரவு அக்காவின் போன். குரலில் தெம்பு வந்திருந்தது.

"கெட்டிக்காரன்டா நீ. நர்ஸ் உள்ள வந்தா தானா நின்னுடுது. போனதும் தானா ஓடுது."

"நீ கையை வெச்சிருப்ப."

"ரெண்டு கையிலயும் ஊசி குத்தி வெச்சிருக்காங்க. எந்தக் கையை வெக்கிறது, உன் கையையா?"

கண் திரையை விட்டு விலகினால் படத்தை நிறுத்திவைக்கும் வசதி சில கருவிகளில் உண்டு. அதுவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் தொழில் புத்தி சும்மா விடவில்லை. லேப்டாப்பில் இருந்த அதே நகலை ஓட்டிப் பார்த்தேன்.

நாற்பத்தொன்றாவது நிமிடம், ஒரு பாட்டு முடிந்ததும், படம் நின்றது.

லேப்டாப் உறைந்துவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை. நேரம் ஓடிக்கொண்டிருந்தது. படம் மட்டும் நின்றிருந்தது. பதினோரு நிமிடம். பிறகு, ஸ்பீக்கரில்...

டொக்... டொக்.

படம் ஓடியது.

டிவிடியையே பிளேயரில் போட்டுப் பார்த்தேன். எங்கேயும் நிற்கவில்லை. மறுநாள் அக்காவிடம் கேட்டேன்.

"எந்த இடத்துல நின்னுச்சு?"

"அந்தப் பாட்டு முடிஞ்சதும். ரத்தம் எடுக்க வந்தாங்க. குழாய் அடைச்சுக்கிச்சு. பத்து நிமிஷத்துக்கு மேல ஆச்சு."

நகலெடுத்தது சனிக்கிழமை. ரத்தம் எடுத்தது திங்கட்கிழமை.

கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்பவரிடம் லேப்டாப்பைக் கொண்டுபோனேன்.

"டிஸ்க்ல கீறல் இருந்தா நிக்கும் சார்."

"தட்டுற சத்தம் கேக்குதே?"

"பழைய டிரைவ். சத்தம் போடத்தான் செய்யும்."

"டிரைவ் போடுற சத்தம் படத்துக்குள்ள எப்படிப் பதிவாகும்?"

அவர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். "பதிவாகாது சார்."

படம் கொடுப்பதை அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அக்கா சாப்பிட ஆரம்பித்திருந்தாள். கண்ணாடி வழியாகப் பார்த்துச் சிரித்தாள். கவலைக்கிடமான நாட்களை நல்லபடியாகக் கடந்துகொண்டிருக்கிறாள் என்றார் டாக்டர். படங்களைப் பிடுங்கிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

அடுத்தடுத்து எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொன்றிலும் நிற்கும் இடங்களைப் பார்த்து வைத்துக்கொண்டேன். ஒரு படத்தில் நாற்பது நிமிடம் நின்றது. மறுநாள் அவளை ஸ்கேனுக்கு அழைத்துப்போய்க் கொண்டுவர நாற்பது நிமிடம். இன்னொன்று, காலையில் நகலெடுத்தது. அதில் ஆறு நிமிடம். அன்று மாலையே அவள் வாந்தியெடுத்தாள்.

முதலில் இரண்டு நாள். பிறகு ஒரு நாள். பிறகு அரை நாள்.

இடைவெளி குறைந்துகொண்டே வந்தது.

பதின்மூன்றாம் நாள் இரவு எட்டு மணிக்கு அக்கா அழைத்தாள். பேச்சு இழுத்தது.

"அந்த மழைப் படத்தைப் போடலையே நீ?"

"எந்த மழைப் படம்?"

"மொதல்லேர்ந்து கடைசி வரைக்கும் நனைஞ்சுக்கிட்டே இருப்பாங்களே... உங்க அத்தானுக்கு அதுன்னா உசிரு."

"நாளைக்குக் கொண்டு வரேன். காய்ச்சல் இருக்கா அக்கா?"

"லேசா. மூச்சு வாங்குது. நீ படத்தைக் கொண்டா, சரியாயிடும்."

பதினோரு மணிக்கு டிவிடியை நகலெடுக்கப் போட்டேன். இந்த முறை பக்கத்திலேயே உட்கார்ந்தேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். எனக்குப் பின்னால் சோபா. அதை ஒட்டி அத்தானின் நாற்காலி.

ஒரு மணி நேரம் ஒன்றும் இல்லை. மழை... வசனம்... மழை.

12.06. படம் நின்றது.

நாயகி தெருமுனையில் குடையை விரிக்கிறாள். பாதி விரிந்த குடை. மழைக்கோடுகள் அந்தரத்தில் நிற்கின்றன.

காத்திருந்தேன். ஐந்து நிமிடம். பத்து. இருபது.

ஹெட்போனில் மழைச் சத்தம் இல்லை. வேறு ஒன்று கேட்டது. ஒரு அறையின் சத்தம். மின்விசிறி... தொண்டையைச் செருமுவது... மரக் கைப்பிடியில் விரல் நகரும் உரசல்.

தட்டும் சத்தம் மட்டும் வரவில்லை.

12.40. டிவிடியை வெளியே எடுத்தேன். நேரம் ஓடிக்கொண்டே இருந்தது.

டிரைவின் வயரைப் பிடுங்கினேன்.

ஓடிக்கொண்டே இருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். யாரும் எடுக்கவில்லை.

12.57. நாற்காலி கிறீச்சிட்டது.

அத்தான் எழுந்திருக்கமாட்டார். அக்கா வரும்வரை எழுந்ததே இல்லை. அவருக்குப் படம் பார்ப்பதென்றால் காத்திருப்பது.

எழுந்துவிட்டார்.

காலடி. என் முதுகுக்குப் பின்னால்... என்னைக் கடந்து... வாசல் பக்கம்.

தாழ்ப்பாள் விலகியது.

கதவு திறந்தது.

மூடியது.

ஹெட்போனைப் பிய்த்து எறிந்தேன். ஹாலில் யாரும் இல்லை. வாசல் கதவு தாழ் போட்டபடியே இருந்தது.

அரைமணிக்கு மேல் ஆஸ்பத்திரி நம்பரையே திரும்பத் திரும்ப அழைத்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. மணி 1.35. ஆஸ்பத்திரி.

எல்லாவற்றையும் போட்டது போட்டபடி ஓடினேன்.

அக்கா பிழைத்துவிட்டாள். கண்ணாடிக்கு அப்பால், வாயில் குழாயோடு படுத்திருந்தாள். விடியும்வரை அங்கேயே நின்றேன். ராத்திரி டியூட்டி பார்த்த நர்ஸ் வீட்டுக்குக் கிளம்பும்போது என்னிடம் வந்தார்.

"நல்ல நேரம் சார். பன்னெண்டு மணியிலேர்ந்தே நினைவு தப்பிட்டு இருந்திருக்கு, தூங்கறாங்கன்னு நினைச்சோம். கதவு அலாரம் அடிக்கலைன்னா தெரிஞ்சே இருக்காது."

"கதவா?"

"அந்த ரூம் கதவை யார் திறந்தாலும் வெளியே அடிக்கும். ஒண்ணு பதினேழுக்கு அடிச்சுது. யாருடா போனதுன்னு ஓடிப்போய்ப் பாத்தா, கதவு திறந்து கிடக்கு, ஆள் இல்ல. இவங்களுக்குப் பல்ஸ் இல்ல. நாலு நிமிஷம் சார். நெஞ்சை அமுக்கி அமுக்கிக் கொண்டுவந்தோம்."

"தேங்க்ஸ் சிஸ்டர்."

அவர் போகவில்லை. "பல்ஸ் வந்த உடனே மறுபடி ஒரு தடவை அடிச்சுது. கதவு திறந்து மூடிச்சு. நாங்க எல்லாரும் கட்டில்கிட்ட நிக்கிறோம். கதவுகிட்ட யாரும் இல்ல."

வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு நடந்து போனால் இருபது நிமிடம்.

வீட்டுக்கு வந்தபோது, லேப்டாப்பில் நகலெடுத்து முடிந்தது என்று வந்திருந்தது. இரண்டு மணி ஐந்து நிமிடப் படம், மூன்று மணி ஐம்பது நிமிடம். நான் திறக்கவில்லை.

அடுத்த மாதம் அக்கா வீடு திரும்பினாள். ரத்தத்தில் எல்லா எண்ணிக்கையும் சரியாக இருந்தது. இவ்வளவு சீக்கிரம் தேறியவர்களைப் பார்த்ததில்லை என்றார் டாக்டர். நன்றாகச் சாப்பிடுகிறாள். நேரத்துக்குத் தூங்குகிறாள். கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். மத்தியானம் ஆனால் ஹாலில் உட்கார்ந்து படம் பார்க்கிறாள்.

ஆரம்பத்திலிருந்து கடைசிவரை பார்க்கிறாள். எழுந்திருப்பதில்லை.

போன வாரம் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. தீய்ந்த வாடை வீடு முழுக்கப் பரவியது. நான் மாடியிலிருந்து ஓடிவந்து அடுப்பை அணைத்தேன். அவள் அடுப்படிக்கு நாலடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தாள். கண் திரையில் இருந்தது.

"அக்கா, பால்..."

"ம்."

அவ்வளவுதான்.

நேற்று அந்த நகலைத் திறந்தேன். பட்டப்பகல். கதவைச் சாத்திக்கொண்டு ஹெட்போனை மாட்டினேன். பாதி விரிந்த குடை. செருமல். நாற்காலி. போகும் காலடி. கதவு.

அதன் பிறகு வெறும் அறை. யாரும் இல்லாத அறைக்கு ஒரு சத்தம் உண்டு. அதைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தேன். போக இருபது நிமிடம் கடந்தது. அந்த நாலு நிமிடம் கடந்தது. வர இருபது நிமிடம் கடந்தது. ஒன்றும் இல்லை. எனக்கு மூச்சு வந்தது.

மேலும் எட்டு நிமிடம். அக்காவுக்கு வேகமாக நடந்தால் மூச்சு வாங்கும்.

கதவு திறந்தது.

காலடி. இரண்டு பேர். ஒன்று அழுத்தமானது. இன்னொன்று செருப்பைத் தேய்த்துத் தேய்த்து வருவது. அந்த நடையைப் பிறந்ததிலிருந்து எனக்குத் தெரியும்.

நாற்காலி கிறீச்சிட்டது.

பக்கத்தில் சோபா அமுங்கியது.

"எங்க விட்டோம்?"

அக்காவின் குரல்.

டொக்... டொக்.

குடை விரிந்தது. மழை பெய்தது. மீதிப் படம் எந்த இடத்திலும் நிற்கவில்லை.

ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கதவைத் திறந்தேன். ஹாலில், திரைக்கு முன்னால், அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

மாத்திரை கொடுக்க வேண்டிய நேரம். கூப்பிட வேண்டும்.

என்னவென்று கூப்பிடுவது?