கறையான் தின்னாத தொடர்கதை

எங்கள் சித்தப்பாவுக்குப் படிக்கிற பழக்கம் இருந்ததால் ஊரில் அவருக்குத் தனி மரியாதை. படிக்கிறவன் தப்புச் செய்ய மாட்டான் என்று எவன் சொல்லிவைத்தானோ தெரியவில்லை. அவர் படித்ததெல்லாம் துப்பறியும் நாவல்கள்தான். முதல் பக்கத்தில் ஒரு பிணம் விழும், கடைசிப் பக்கத்தில் ஒருவன் கையில் விலங்கு விழும். அதைப் படித்துவிட்டு அவர் அறிவாளி மாதிரி நடப்பார், ஊரும் நம்பியது.

நான் ஏழாவது படித்தபோது, காலாண்டுப் பரீட்சை லீவில், சேலத்தில் இருந்த அத்தை வீட்டுக்கு என்னைக் கூட்டிப்போனார். அத்தை என்றால் அப்பாவின் அக்கா. நாமக்கல் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைக்குச் சேலம் என்றால் சினிமாக் கொட்டகையும் ஏற்காடு மலையும்தான். சித்தப்பா இரண்டையும் காட்டவில்லை. காலையில் கிளம்பிப் பழைய புத்தகக் கடைகளாகச் சுற்றினார், பின்னாலேயே நானும் சுற்றினேன். எனக்கு வருத்தமில்லை. அச்சடித்த தாள் எது கிடைத்தாலும் படிக்கிற வயது.

முதல் கடையில் நோட்ஸும் பழைய பாடப்புத்தகமும்தான். இரண்டாவது, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நடைபாதையில் சாக்கு விரித்த கடை. அங்கே சித்தப்பா குந்தி உட்கார்ந்து ஒரு மணி நேரம் கிளறினார். மூன்றாவது, ஒரு சந்துக்குள் இருந்த ஓட்டுக் கட்டடம். தரையிலிருந்து விட்டம் வரைக்கும் புத்தகம். ஒரு ஆள் பக்கவாட்டில்தான் உள்ளே போக முடியும். கழுத்தில் சிலுவை போட்ட பெரியவர் ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். சித்தப்பாவைப் பார்த்ததும் எழுந்து, “வாங்க வாங்க, புதுசா ஒரு கொலை வந்திருக்குது” என்றார். அந்த அளவுக்குப் பழக்கம்.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. நீங்கள் ஒரு தடிப் புத்தகத்தைப் போட்டால், இரண்டு மெல்லிய புத்தகம் எடுத்துக்கொள்ளலாம்.

சித்தப்பா கொலைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். நான் கீழ் அடுக்கில் ஒரு சிவப்பு காலிகோ பைண்டிங்கைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் இருந்தது மாதிரியே.

எங்கள் அம்மாவுக்கும் படிக்கிற பழக்கம் உண்டு. ஆனால் அதற்காக அவளை யாரும் மரியாதையாகப் பார்த்ததில்லை. அப்பா நாமக்கல்லுக்கு முட்டை கொண்டுபோகும் நாளில் ஒரு வாரப் பத்திரிகை வாங்கி வருவார். அதில் வந்த ஒரு தொடர்கதையை ஒன்றரை வருசம் விடாமல் பிளேடால் அறுத்து எடுத்துச் சேர்த்தாள். மைதாவைக் காய்ச்சி, பூச்சி அண்டாமல் இருக்க மயில்துத்தம் கலந்து, பிய்ந்த ஓரங்களைத் தானே ஒட்டினாள். நடுவில் ஒரு வாரம் பத்திரிகை கிடைக்கவில்லை. டீச்சர் வீட்டில் ஒரு பகல் மட்டும் இரவல் வாங்கி, அந்த அத்தியாயத்தைக் கோடு போட்ட தாளில் கையாலேயே எழுதினாள். நாலு பக்கம். படத்தையும் விடவில்லை. கதாநாயகியைப் பார்த்து வரைந்தாள். மூக்கு மட்டும் எங்கள் பெரியம்மா மூக்கு மாதிரி வந்துவிட்டது. எல்லாவற்றையும் நாமக்கல்லில் கொடுத்துச் சிவப்பு காலிகோ போட்டு பைண்ட் செய்தாள்.

முந்தின வருசம் ஆடிக்கு ஊருக்கு வந்த அத்தை, படித்துவிட்டுத் தருகிறேன் என்று அதை எடுத்துப்போனார். பொங்கலுக்கு அம்மா கேட்டபோது, கறையான் அரித்துவிட்டது, தூக்கிப் போட்டுவிட்டேன் என்றார். மயில்துத்தம் போட்ட புத்தகத்தைக் கறையான் தொடாது என்று அம்மாவுக்குத் தெரியாதா? “அப்படிங்களா நங்கை” என்று மட்டும் சொன்னாள். நாத்தனாரை நங்கை என்பது எங்கள் பக்கத்து முறை.

சிவப்பு பைண்டிங்கை இழுத்துப் பிரித்தேன். பெரியம்மா மூக்கு இருந்தது. ஒரு ஓட்டை இல்லை.

“அதக் கீழ வெய்யி அம்மணி, ஒரே தூசு” என்றார் சித்தப்பா. குரல் மாறியிருந்தது.

கடைக்காரருக்கு என்ன தெரியும், பாவம். “ஏனுங்க, நீங்க போட்டதுதானே அது? நடுவுல நாலு பக்கம் கையெழுத்தா இருக்குதுன்னு எடுக்கறவங்க எல்லாம் திருப்பி வெச்சுட்டுப் போறாங்க” என்றார்.

“இது எங்கம்மா எழுதுனது!” என்று கத்தினேன்.

“அட, உங்கம்மா கதையெல்லாம் எழுதுவாங்களா?”

“கதை எழுதல. எழுத்துத்தான் எழுதுனாங்க.”

பெரியவர் சிரித்துவிட்டு, சித்தப்பா முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். நான் புத்தகத்தைக் கட்டிக்கொண்டு கடை வாசலில் உட்கார்ந்துவிட்டேன். உள்ளே இருந்தவர் வெளியே வரமுடியாது, வெளியே இருந்தவர் உள்ளே போகமுடியாது.

“எந்திரி. மானத்த வாங்காத. ஊட்டுக்குப் போயிப் பேசிக்கலாம்.”

“கையில இருக்கற ரெண்டையும் வெச்சுட்டு இத வாங்கிக் குடுங்க.”

“வெச்சுட்டுக் கூட்டிட்டுப் போங்க சாமி” என்றார் பெரியவர். “யாவாரம் நின்னு போச்சு.”

சித்தப்பா இரண்டு கொலைகளையும் அடுக்கில் வைத்தார். வைத்த வேகத்தில் நாலு புத்தகம் சரிந்தது. வழியெல்லாம் வெறுங்கையை வீசிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார். எனக்கு அதுவே பெரிய வெற்றியாக இருந்தது.

அத்தை வீட்டுக்குப் போனதும் புத்தகத்தைக் காட்டினேன். தம்பி செய்த காரியத்தைக் கேட்டு அத்தை துடித்துப்போவார் என்று எதிர்பார்த்தேன். அவர் துடிக்கவில்லை.

“தம்பி கேட்டான், எடுத்துட்டுப் போடான்னேன். பழைய பேப்பருக்கு என்ன இத்தன பவுசு? கறையான்னு நான் சொன்னது சொன்னதுதான். இப்ப இத நீ உங்கொம்மாகிட்டக் கொண்டு போயி நீட்டுனா நான் பொய் சொன்னவளாயிருவேன்.”

“நீங்க சொன்னது பொய்தானுங்களே அத்தை” என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன்.

அத்தை சித்தப்பாவைப் பார்த்தார். “இந்த வாய வெச்சுக்கிட்டுத்தான் எட்டாவது முடிச்சுட்டு இங்க தங்கிப் படிக்க வாராளாமா? நல்லா வந்துச்சு போ.”

அந்த வார்த்தையை நான் காதில் வாங்கவே இல்லை. புத்தகத்தைத் துணிப்பைக்குள் பத்திரமாக வைப்பதில்தான் என் கவனமெல்லாம் இருந்தது.

ஊருக்கு வந்து இறங்கியதும் நேராகக் கோழிப் பட்டிக்கு ஓடினேன். அம்மா தீவனம் பிசைந்துகொண்டிருந்தாள். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா கையை முந்தானையில் துடைத்து, புத்தகத்தை வாங்கி, நாலு பக்கத்தையும் ஒவ்வொன்றாகத் திருப்பினாள். அவள் முகம் மலர்ந்தது. அதை நான் பார்த்தேன், அது பொய்யில்லை.

“அத்தைகிட்ட என்னன்னு சொன்ன?”

சொன்னேன். பெருமையாகவே சொன்னேன்.

விட்டாள் ஒரு அறை. துடைத்தும் போகாத தீவனம் கன்னத்தில் ஒட்டியது. “யாரு ஊட்டுல நின்னுட்டு யாரப் பாத்துப் பொய்ங்கற?”

அடி போகட்டும். மறுநாள் அவள் செய்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. புத்தகத்தைப் பழைய செய்தித்தாளில் சுற்றி, சணல் போட்டுக் கட்டி, அதைக் களவாடிய சித்தப்பா கையிலேயே கொடுத்தாள். “நங்கைகிட்டக் குடுத்துருங்க. அவுங்க ஊட்டுப் புஸ்தகத்தப் புள்ள தெரியாம எடுத்துட்டு வந்துட்டா, மனசுல வெச்சுக்க வேண்டாம்னு சொல்லுங்க” என்றாள். சித்தப்பா கொஞ்சம்கூடக் கூசாமல் வாங்கிக்கொண்டார். “சின்னப் புள்ளதானே, விடுங்க” என்று எனக்காகப் பரிந்து வேறு பேசினார். கடைசியில் திருடி நான்.

அது மறுபடியும் அந்தச் சந்துக் கடைக்குத்தான் போயிருக்கும். போய் இன்னும் இரண்டு கொலைகளாக மாறியிருக்கும். பதினைந்து நாள் நான் அம்மாவோடு சரியாகப் பேசவில்லை. பயந்தாங்கொள்ளி, தன் பொருளைக் கேட்டு வாங்கத் தெரியாதவள், தன் கையெழுத்தையே தூக்கிக் கொடுத்தவள் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே இருந்தேன். அவள் அதற்குப் பிறகு எந்தத் தொடர்கதையையும் அறுத்துச் சேர்க்கவில்லை. ஏன் என்று நான் கேட்கவும் இல்லை.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் எட்டாவதோடு முடிந்துவிடும். பெண்பிள்ளையை விடுதியில் விடமாட்டேன், அக்கா வீடு என்றால் அனுப்புகிறேன், இல்லாவிட்டால் படித்தது போதும் என்று அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார். எட்டாவது முடித்த வருசம் அம்மாவும் நானும் என் தகரப்பெட்டியைச் சேலத்தில் அத்தை வீட்டு வாசலில் இறக்கினோம். அத்தை வாசலுக்கே வந்து, “வா சாமி, உள்ள வா” என்று பெட்டியின் ஒரு பக்கத்தைத் தானே தூக்கினார். நான் அவ்வளவு பேசியும் மனசில் வைத்துக்கொள்ளாத நல்ல மனுசி என்று நினைத்துக்கொண்டு, அம்மாவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போனேன்.