சந்தியைக் கடக்க ஒரு ஜனாஸா

கடந்த செவ்வாய்க்கிழமை காலை ஏழு இருபதுக்கு, உயிரோடு இருக்கும் ஒரு மனிதர் இறந்துவிட்டதாக நான் அறிவித்துவிட்டேன்.

பதற வேண்டாம். அவர் நன்றாகத்தான் இருக்கிறார். ஊரில் முகம் காட்ட வெட்கப்பட்டுத் திரிவது நான்தான்.

இந்தப் பத்தியை வாராவாரம் படிப்பவர்களுக்கு, எங்கள் கல்முனைச் சந்தியைப் பற்றி நான் எத்தனை தரம் புலம்பியிருக்கிறேன் என்று தெரியும். காலை ஏழு மணிக்கு அங்கே ஒரு தரம் நின்று பாருங்கள். அக்கரைப்பற்றுப் பக்கமிருந்து ஒரு பஸ், மட்டக்களப்புப் பக்கமிருந்து ஒரு பஸ், நடுவில் ஓட்டோ, ஓட்டோவுக்கும் பஸ்ஸுக்கும் இடையில் கிடைக்கும் ஒரு சாண் இடத்தில் மூன்று பிள்ளைகளை ஏற்றிய மோட்டார் சைக்கிள்... யாருக்கு யார் வழி விடுவது? யாரும் விடமாட்டார்கள். எல்லோருக்கும் அவசரம். எல்லோரும் அங்கேயே நிற்பார்கள்.

இதற்கு நடுவால்தான் என் மனைவி சைக்கிளில் போக வேண்டும்.

ஸிபானா நற்பிட்டிமுனையில் ஒரு பாடசாலையில் கணக்கு ரீச்சர். நாடே பெற்றோல் வரிசையில் நின்ற காலத்தில் வாங்கிய சைக்கிள் அது. அப்போது ஊரே சைக்கிளில்தான் போனது. சந்தியில் பஸ்ஸையும் சைக்கிளையும் தவிர வேறொன்றையும் காண முடியாது – சட்டமும் இல்லாமல், பொலிஸும் இல்லாமல்! பெற்றோல் வந்ததும் நாங்கள் எல்லோரும் சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டோம். அவள் மட்டும் சாத்தவில்லை.

"கலியாணம் முடிச்சு இருவது வருசமாப் போச்சு. ஆரையும் கேக்காம, ஆரையும் பாத்துட்டு நிக்காம நான் போய் வாற ஒரே பயணம் இதுதான்" என்பாள்.

சில மாதங்களுக்கு முன் ஒரு ஓட்டோ அவளைச் சந்தியில் தட்டிவிட்டுப் போனது. இடது கையில் முறிவு. ஆறு கிழமை பிளாஸ்டர். கட்டுப் பிரித்த மறுநாளே சைக்கிளைத் துடைக்கத் தொடங்கினாள். நான் சாவியை ஒளித்து வைத்தேன். வீடு அவளுடையது – எங்கள் ஊரில் வீடு எப்போதும் பெண்ணுக்குத்தானே – ஆகவே சாவி இரண்டு நாளில் அகப்பட்டுவிட்டது. ஆனாலும் அவளுடைய உம்மாவும் ராத்தாவும் என் பக்கம். சந்தி சரியான பிறகு போகலாம் என்று எப்படியோ சம்மதிக்க வைத்தோம்.

சந்தி சரியாகுமா? யார் நம்பினார்கள்? ஆனால் சென்ற மாதம் அதிசயமாக அறிவித்தல் ஒன்று வந்தது. காலை ஏழிலிருந்து ஒன்பது வரை, பகல் ஒன்றிலிருந்து மூன்று வரை, சந்தியால் பஸ்களும் துவிச்சக்கர வண்டிகளும் மட்டும். அம்புலன்ஸ் போகலாம். மற்றவர்கள் கடற்கரைப் பக்கத்தால் சுற்றிப் போக வேண்டும். ஒரு மாதம் பரீட்சார்த்தம். சனம் ஒத்துழைத்தால் நிரந்தரம், இல்லையென்றால் பழையபடி.

முதல் நாள் காலை நான் நடந்தே போய்ச் சந்தியில் நின்றேன். ஸிபானா வந்தாள். முன்னால் யாருமில்லை, பின்னால் யாருமில்லை. ஆனாலும் மணியை இரண்டு தரம் அடித்துவிட்டுப் போனாள். என்னைக் கண்டதாகக் காட்டிக்கொள்ளவேயில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, பொய் சொல்வானேன்?

இனி எதிர்ப்பாளர்கள். அவர்களுக்குத் தலைவர் மீராலெப்பை காக்கா. சந்தியிலேயே ஹாட்வெயார் கடை வைத்திருப்பவர், ஊருக்கே அண்ணன் முறை.

"சீமெந்து எடுக்க வாறவன் சைக்கிள்லயா தம்பி வருவான்? பஸ்ஸில மடியில வெச்சுக் கொண்டு போவானா?" என்று வருவோர் போவோரிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். காலை ஏழு மணிக்கு எவன் சீமெந்து வாங்குகிறான் என்று நான் போன கிழமை இதே பத்தியில் கேட்டேன். அந்தக் கிழமை முழுவதும் என் வாயில் மீராலெப்பை காக்காவைத் தவிர வேறு பெயர் வரவில்லை.

பரீட்சார்த்தத்தின் மூன்றாம் நாள் ஊரில் ஒருவர் மௌத்தாகிப்போனார். எங்கள் சனத்தைத் தெரியும்தானே? பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஜனாஸா அறிவித்தல் கேட்டால், சோற்றுக் கையைச் சரியாகக் கழுவாமலே அடக்கத்துக்கு ஓடுகிற சனம். தொப்பியைப் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிள்களில் வந்தவர்களைப் பொலிஸ் மறித்தது. பெரியவர்கள் பேசினார்கள். ஜனாஸாவுக்குப் போகிறவர்களை விடலாம் என்று முடிவானது. நியாயம்தான். அதை யார் மறுப்பது?

மறுநாள் காலை சந்தியில் பார்க்கிறேன்... எல்லோர் தலையிலும் தொப்பி!

கந்தோருக்குப் போகிறவர், மீன் வாங்கப் போகிறவர், மாமி வீட்டுக்கு அப்பம் கொண்டுபோகிறவர், எல்லோருக்கும் ஒரு ஜனாஸா இருந்தது. அவர்கள் சொன்னதை நம்பினால், ஊரில் பாதிச் சனம் ஒவ்வொரு நாளும் காலையில் மௌத்தாகிக்கொண்டிருந்தது. என்னோடு வேலை செய்யும் பாண்டிருப்புச் சிவலிங்கம் போன் எடுத்தான்.

"மச்சான், உங்கட தொப்பி ஒண்டு மிச்சம் இருந்தாத் தாங்க. நானும் எட்டு மணிக்குள்ள கந்தோருக்குப் போகணும்."

சிரிப்பு வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. வீட்டில் கத்தினேன்.

"மௌத்த வெச்சு விளையாடுறானுகள்! இவனுகளுக்கு அல்லாஹ்ட பயமே இல்லையா?"

"நாலு நாளைக்கு விளையாடுவாங்க. மறுகா வெக்கம் வந்து விட்டிருவாங்க" என்றாள் ஸிபானா.

அவளுக்கு ஊரின் மேல் அவ்வளவு நம்பிக்கை.

செவ்வாய்க்கிழமைக்கு வருவோம். திங்கள் இரவு முழுக்க எனக்குப் பல்வலி. கன்னம் வீங்கிக் கண்ணால் தண்ணீர் வடிகிறது. வெளியூரிலிருந்து வரும் பல் வைத்தியரிடம் ஏழரைக்கு நம்பர். பிந்தினால் அடுத்த செவ்வாய்தான். மோட்டார் சைக்கிளில் கடற்கரைப் பக்கத்தால் சுற்றினால் பத்து நிமிடம் கூட ஆகும். அவ்வளவுதான், பத்து நிமிடம். தொப்பி எப்போதும் போலச் சேட்டுப் பொக்கட்டில் இருந்தது.

போட்டுக்கொண்டேன்.

பொலிஸ் தம்பிக்கும் அலுத்துப்போயிருக்க வேண்டும். அன்றைக்குத்தான் விசாரிக்கத் தொடங்கியிருந்தார்.

"சேர், யார்ட ஜனாஸா?"

இப்படிக் கேட்பார் என்று நான் நினைக்கவில்லை. வாய் தானாகத் திறந்தது.

"மீராலெப்பை காக்கா... ஹாட்வெயார்."

"ஐயோ! நேத்தும் எனக்கு பிளேன்டீ தந்தாரே!"

வீங்கிய கன்னம், வடியும் கண்ணீர்... நம்பாமல் என்ன செய்வார் அந்த மனிதர்? தன் பொலிஸ் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு வழி விட்டார். எனக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளில் நின்றவர் "இன்னாலில்லாஹி" என்றபடியே போனை வெளியே எடுத்ததைக் கண்ணாடியில் கண்டேன். திரும்பி, பொய் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நம்பர் ஏழரைக்கு.

பல் வைத்தியரின் கதிரையில் வாயைத் திறந்து படுத்திருக்கும்போது பொக்கட்டில் போன் துடித்துக்கொண்டே இருந்தது. எழும்பிப் பார்த்தால் ஊர் வட்ஸ்அப் குழுக்கள் எல்லாவற்றிலும் ஒரே செய்தி. ஹாட்வெயார் மீராலெப்பை காக்கா வபாத்தானார், நல்லடக்க நேரம் பின்னர் அறிவிக்கப்படும். அதற்குக் கீழே என் பெயரைப் போட்டு, ஒரு இரங்கல் குறிப்பு எழுதித் தரச் சொல்லி ஒருவர் கேட்டிருந்தார். மறுத்துக் குரல் பதிவு போடவும் வழியில்லை. வாய் மரத்துப்போயிருந்தது.

எட்டு மணிக்கு மீராலெப்பை காக்காவின் வாசலில் கதிரை இறக்கத் தொடங்கிவிட்டார்களாம். அவர் சாரனோடு, பல் துலக்கிக்கொண்டே கேற்றைத் திறந்து, "ஆருடா மௌத்து?" என்று கேட்டாராம்.

சந்தியை ஏன் கேட்கிறீர்கள்? சாய்ந்தமருதிலிருந்தும் மருதமுனையிலிருந்தும் சனம் திரண்டு வந்தது. இந்த முறை யாரும் பொய் சொல்லவில்லை. எல்லோரும் உண்மையாகவே ஜனாஸாவுக்குத்தான் வந்தார்கள். பரீட்சார்த்தத்துக்கு முன்னர்கூட அப்படியொரு நெரிசலை யாரும் கண்டதில்லை என்று சொன்னார்கள்.

பின்னேரம் மீராலெப்பை காக்கா, செய்தி யாரிடமிருந்து கிளம்பியது என்று பொலிஸ் தம்பியிடம் விசாரித்துக்கொண்டு, என் வீட்டுக்கு வந்தார். கோபத்தோடு வந்திருந்தால் தாங்கியிருப்பேன். மனிதர் சிரித்துக்கொண்டு வந்தார்.

"எனக்குக் கோவமில்ல தம்பி. எத்தின பேர் வந்தாங்க தெரியுமா? இருவது வருசம் என்னோட கதைக்காத சாச்சாட மகன் வந்து கட்டிப் புடிச்சி அழுறான். எனக்குச் சந்தோசம்தான்."

ஸிபானா கொண்டுவந்த டீயை வாங்கிக்கொண்டார்.

"ஆனா நாளைக்குச் சந்தி விசயமாக் கூட்டம் இருக்குதானே, அதில நான் ஒரு கேள்வி கேப்பன். இந்தச் சட்டம் வேணும் வேணும் எண்டு எழுதின ஆளே தொப்பியப் போட்டுட்டுப் போனா, மறுகா ஆருக்குத் தம்பி இந்தச் சட்டம்?"

"டீ ஆறுது காக்கா" என்றேன் நான்.

அவர் போன பிறகு ஸிபானா கோப்பைகளை எடுத்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"பல்லு எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

"பரவாயில்ல."

"ஓம்... அதுவாவது சுகமாகட்டும்."

கூட்டத்தில் அவர் கேட்டார். பரீட்சார்த்தம் பாதி மாதத்திலேயே நின்றது. மறுநாள் தடுப்புகளை லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்த லொறியும் சந்தியில் கால் மணித்தியாலம் மாட்டிக்கொண்டு நின்றது.

நெரிசல் யாரால் என்று அங்கே நிற்கிற யாரிடமும் கேட்டுப் பாருங்கள். மற்றவர்களால் என்பார். தன்னைச் சுமந்து நிற்கிற வாகனம் அவர் கணக்கில் வராது. மூன்று வருடமாக இந்தப் பத்தியில் கணக்குப் போட்ட எனக்கும் அது வரவில்லை. வெட்கமாக இருக்கிறது.

இப்போது காலையில் ஸிபானாவை என் மோட்டார் சைக்கிளில் நானே பாடசாலைக்குக் கொண்டுபோய் விடுகிறேன். பின்னால் அமர்ந்து வருவாள். நேற்றுச் சந்தியில் என் தோளில் தட்டினாள்.

"கொஞ்சம் ஓரமா எடுங்க. சைக்கிள்ல ஒரு புள்ள வாறா."

நான் அதற்குள் ஹோர்ன் அடித்துவிட்டிருந்தேன்.