முத்துக்கனி கண்ணாடி பார்த்த கதை

ஆள் பாதி, ஆடை பாதி என்று சொன்னவர் பனையேறியைப் பார்த்திருக்க மாட்டார். பனையேறிக்கு இடுப்பில் ஒரு துண்டுத் துணி, காலைப் பிணைக்கும் தளைநார், மிச்சமெல்லாம் ஆள்தான். அஞ்சுகிராமத்துக்குத் தெற்கே, பனைவிளைகளுக்கு நடுவே இருந்த ஊரில் முத்துக்கனியும் எட்டு வருஷம் அப்படித்தான் ஏறினாள். அப்போது அவளுக்கு முத்துநாயகம் என்று பெயர். காலையும் மாலையுமாக நாற்பது பனை. பனையேறியின் உடம்பைச் செய்வது பனைதான். தோள் இரண்டும் அகன்று நின்றன. மரத்தைக் கட்டிப்பிடித்து ஏறி ஏறி நெஞ்சில் காய்ப்பு விழுந்திருந்தது. இடுப்பு என்று ஒன்று இருந்த இடம் தெரியவில்லை.

கொல்லம் ஆயிரத்து நூற்றேழாம் ஆண்டு, வெள்ளைக்காரன் கணக்கில் 1932, ஆடி மாதக் கடைசியில் பனை ஏற்றம் முடிந்தது. அன்றைக்குத் தளைநாரைக் கழற்றிக் கூரை இறவாணத்தில் சொருகியவள் மறுபடி அதைத் தொடவில்லை. தான் பெண் என்பது அவளுக்கு ஏழு வயதிலேயே தெரியும். இருபத்துநான்காவது வயதில்தான் வாய்விட்டுச் சொன்னாள். கேட்க வீட்டில் இருந்தவர்கள் இரண்டே பேர், அண்ணன் பகவதியப்பனும் அவன் மனைவி அன்னக்கிளி மைனியும்.

அண்ணன் மூன்று நாள் பனைவிளையையே சுற்றிச் சுற்றி வந்தான். நாலாம் நாள் கேட்டான்.

"ஏலே, தை பொறந்தா ஒனக்க நாப்பது பனையை எவம்லே ஏறுவான்?"

மானம், மரியாதை, ஊர்ப்பேச்சு எல்லாம் அதற்குப் பிறகுதான் அவனுக்கு நினைவு வந்தது. சித்தப்பா மகன் ஒருவன் அந்த நாற்பதையும் எடுத்துக்கொண்டான். முத்துக்கனி தை மாதம் மைனியோடு விடிலிக்குப் போனாள். ஆண்கள் இறக்கிவரும் பதநீரான அக்கானியை அந்த ஓலைக்கொட்டகையில் வற்றக் காய்ச்சி, தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டி ஆக்குவது பெண்கள் வேலை. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. ஊர் பேசியது. கருப்பட்டி மட்டும் நன்றாகவே வந்தது.

சேலை கட்டிவிட்டால் பெண்ணாகத் தெரிந்துவிடுவோம் என்றுதான் முத்துக்கனி நினைத்திருந்தாள். அதைப் பார்த்துச் சொல்ல வீட்டில் கண்ணாடி கிடையாது. ரசம் போன ஒரு துண்டு இருந்தது. அதில் ஒரு கண்ணும் அரை மூக்கும் தெரியும். ஆகவே அவள் காலை வெயிலில் முற்றத்தில் நின்று தன் நிழலைப் பார்த்தாள். நிழல் பொய் சொல்லவில்லை. மேலே அகலமாகவும் கீழே ஒடுங்கியும் கிடந்தது.

முதலில் நெஞ்சுக்கு ஒரு வழி செய்தாள். விடிலியில் கைக்கு எட்டிய இடத்தில் இருந்தது கருப்பட்டிச் சிரட்டை. இரண்டை எடுத்துத் துணியில் பொதிந்து உள்ளே வைத்துக் கட்டினாள். அக்கானிப் பானையின்மேல் குனிந்தபோது ஒரு சிரட்டை பானையில் இடித்து டொக்கென்றது. அன்னக்கிளி அடுப்பில் விறகு தள்ளிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"ஏட்டி, ஒனக்கு வேற ஒண்ணும் கிட்டல்லியா?"

அதுவரை அந்தப் பக்கமும் இல்லாமல் இந்தப் பக்கமும் இல்லாமல் இருந்த மைனி, அந்தச் சிரிப்பில்தான் முத்துக்கனியின் பக்கம் வந்தாள். 'ஏலே' போய், பெண்ணைக் கூப்பிடுகிற 'ஏட்டி' அவளுக்குக் கிடைத்ததும் அன்றைக்குத்தான். சாயங்காலமே தலையணையைப் பிரித்து இலவம்பஞ்சு எடுத்துக் கொடுத்தாள். "ரொம்ப வேண்டாம். ஒனக்க ஒடம்புக்கு எது பொருந்துமோ அம்புட்டு வையி" என்றாள்.

அடுத்தது ரவிக்கை. அஞ்சுகிராமம் சந்தையில் மிஷின் வைத்துத் தைத்த கிளீட்டஸ் நல்ல மனிதர். ஒன்றும் கேட்காமல் அளவெடுத்தார். ஆனால் அவருக்கு நாகர்கோவில் மோஸ்தரில் மோகம். தோளில் சுருக்கம் வைத்து, கையை உப்பவைத்துத் தைத்துக் கொடுத்துவிட்டார். ஏற்கெனவே அகன்ற தோள். அதன்மேல் தோளுக்கொரு பூசணிக்காய் வைத்த மாதிரி ஆயிற்று. முத்துக்கனி நிழலைப் பார்த்துவிட்டு உள்ளே போய் அழுதாள். அன்னக்கிளி தையலைப் பிரித்தாள். உப்பலை வெட்டி எறிந்தாள். தோள்தையலை இரண்டு விரல்கடை உள்ளே தள்ளி, கையை முழங்கைவரை நேராக இறக்கித் தைத்தாள். கழுத்தைக் கொஞ்சம் கீழே வெட்டினாள்.

"மேல கறுப்புப் போடு, கீழ கட்டம் போட்ட சேலை உடு. பாக்கவன் கண்ணு கீழ போவும்" என்றாள்.

இடுப்புக்குப் பழைய முண்டு ஒன்றை நான்காக மடித்து உள்ளே சுற்றினார்கள். பின்கொசுவத்தை நெருக்கமாக மடித்து விசிறிபோல விரித்துவிட்டதும், இல்லாத இடுப்பு எங்கிருந்தோ வந்து நின்றது. தளைநார் தின்ற கணுக்கால் மறையச் சேலையை இன்னும் கொஞ்சம் இறக்கினார்கள். முந்தானையைச் சுற்றிக் கொண்டுவந்து மறுதோளிலும் போட்டுக்கொண்டாள். மறுநாள் முற்றத்தில் விழுந்த நிழல் அவளுக்குப் பிடித்திருந்தது.

நிழலுக்கு முகம் இல்லையே. தன்னை முழுசாகப் பார்க்க வேண்டும் என்ற ஆசை அவளைப் பிடித்துக்கொண்டது. ஊரில் ஆள் உயரக் கண்ணாடி ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது அவர்கள் கும்பிடப் போகும் தாங்கலில் இருந்தது.

அவர்கள் அய்யாவழிக்காரர்கள். தாங்கலின் பள்ளியறையில் சிலை கிடையாது; விளக்கும், விளக்குக்குப் பின்னால் கண்ணாடியும்தான். கும்பிட வருகிறவர் தன்னையே பார்க்க வேண்டும், தெய்வமான அய்யா அவருக்குள்ளேயே இருக்கிறார் என்பது பொருள். ஆண்கள் மேல்துணி களைந்து, தலைப்பாகை கட்டித்தான் உள்ளே போவார்கள். முத்துக்கனியும் வாராவாரம் அப்படிப் போனவள்தான். கண்ணாடியில் தலைப்பாகையோடு வெறும் மாரோடு ஒருவன் நிற்பான். அவனைப் பார்க்க முடியாமல் அவள் கண்ணை மூடிக்கொள்வாள். நல்ல பக்தி என்று ஊர் சொன்னது. சேலை உடுத்த நாள் முதல் அவள் தாங்கலுக்குப் போகவில்லை. வாசலில் நின்று தலைப்பாகைத் துணி எடுத்துக் கொடுக்கிற பணிவிடை பகவதியப்பனுடையது. அவன் முதலிலேயே சொல்லிவிட்டான்.

"ஏலே, வரணும்னா மேல்துணியக் களைஞ்சு தலைப்பாகை கெட்டிட்டு வா. இல்லேன்னா வராத."

சித்திரை முதல் ஞாயிறு அவள் போனாள். கறுப்பு ரவிக்கை, மஞ்சள் கட்டம் போட்ட சேலை, அள்ளிமுடிந்த சின்னக் கொண்டை. அன்னக்கிளி கூட வந்தாள். வாசலில் வரிசை நின்றது. முத்துக்கனி முன்னால் வந்ததும் பகவதியப்பன் கூடையிலிருந்து ஒரு துணியை எடுத்து நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"அண்ணே, எனக்கு அது வேண்டாம்."

"அப்பம் திரும்பிப் போ."

திரும்பிவிடலாம் என்றுகூட முத்துக்கனி நினைத்தாள். இன்று திரும்பினால் இனி ஒருநாளும் அந்தக் கண்ணாடி முன் நிற்கப்போவதில்லை என்பதும் தெரிந்தது. பின்னால் நின்ற அன்னக்கிளிதான் பேசினாள். சத்தம் போடவில்லை.

"ஒங்க அம்மைக்க அம்மை மாருல துணி போட்டாளுன்னு சந்தையில வச்சுக் கிழிச்சானுவ. கிழிச்சவன் கை அழுவிப்போவட்டும்னு நீங்க இண்ணைக்கும் சொல்லுவிய. இவளும் மாரை மறைச்சுத்தான் வந்து நிக்கா. இப்பம் துணியக் களையச் சொல்லுகது ஆரு?"

பனையேறி வீட்டுப் பெண்கள் மாரை மறைக்கக் கூடாது என்று மேல்சாதிக்காரர்கள் துணியைக் கிழித்த காலத்துக் கதை அது. அந்த ஊரில் அந்தக் கதை இல்லாத வீடு கிடையாது. பகவதியப்பன் கையிலிருந்த துணியைப் பார்த்தான். பிறகு அதை மடித்தான். மெதுவாக, நான்காக மடித்துக் கூடையில் வைத்துவிட்டு, தள்ளி நின்றான்.

முத்துக்கனி பெண்கள் பக்கமாகப் போய் நாமம் வாங்கி நெற்றியில் இட்டாள். விளக்கின் முன் நின்றாள். கண்ணை மூடவில்லை.

தோள் ஒன்றும் சுருங்கிவிடவில்லை. பனை செய்த தோள் பனைபோலத்தான் இருந்தது. ஆனால் அது இப்போது ஒரு பெண்ணின் தோள், அவ்வளவுதான். அகன்ற தோளும் உயரமுமாக விடிலிப் பெண்கள் எத்தனையோ பேர் உண்டு. அவர்களில் ஒருத்தி நின்றாள். முந்தானை இடப்பக்கம் சரிந்திருந்தது. சரிசெய்தாள். கொசுவம் எப்படி விழுந்திருக்கிறது என்று லேசாகத் திரும்பியும் பார்த்தாள். அய்யாவுக்கு முன்னால் அப்படிப் பார்க்கலாமா என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. சந்தோஷத்தில் அழுகை வந்தது. கண்ணீரோடு மறுபடி பார்த்தாள்.

எவ்வளவு நேரம் நின்றாளோ. வாசலிலிருந்து அண்ணன் குரல், எரிச்சலாகத்தான் வந்தது.

"கண்ணாடியப் பாத்தது போரும், வெளிய வா ஏட்டி. பொறத்த ஆளு நிக்கி."