ஜனவரித் தாளில் ஒரு சாவு

அக்கா அழுததை நான் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன். காலை பதினொரு மணி, டீ வந்த நேரம். புரூஃப் மேசையில் சிவப்புப் பேனாவைத் திறந்தபடி வைத்துவிட்டு, ஒரு காதில் மட்டும் இயர்போனைச் செருகிக்கொண்டு, செல்போனைப் பார்த்துக் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். வீட்டில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று பதறிப்போய்க் கேட்டேன். "ஒண்ணுமில்ல தம்பி. இந்தப் பிள்ளைக்கு நெஞ்சுநோவு. பொழைக்க மாட்டான்னு டாக்டரு சொல்லிட்டுப் போயி கா மணி நேரமாச்சு. இன்னும் பாடிக்கிட்டுத்தான் இருக்கா" என்றார். நான் சிரித்துவிட்டேன். அவரும் மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்தார். பிறகு பேனாவை எடுத்து, தாளில் விட்டுப்போயிருந்த ஒரு கமாவைப் போட்டார்.

நான் சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் பக்கம் வடிவமைக்கிறவன். காலண்டர், டைரி, பட்டாசுப் பெட்டிக்கு லேபிள், எது வந்தாலும் என் கம்ப்யூட்டரில் உருவாகி, பிழை பார்க்க அக்காவின் மேசைக்குப் போகும். உடன்பிறந்த அக்கா இல்லை. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், பிரஸ்ஸில் எல்லோருக்குமே அக்கா. பக்கத்து ஊரான விஸ்வநத்தத்துக்காரர். பத்து வருஷம் பட்டாசுக் கம்பெனியில் திரி வேலை பார்த்தவர். தங்கையும் அதே கம்பெனியில்தான் இருந்தார். ஒருநாள் தங்கை இருந்த அறை வெடித்தது. அக்கா உட்கார்ந்திருந்தது நாலு அறை தள்ளி. அதற்குப் பிறகு அந்த வாசலை மிதிக்கவே மாட்டேன் என்று சொல்லிவிட்டு, தபாலில் படித்துக்கொண்டிருந்த படிப்பை முட்டி மோதி முடித்து எங்களிடம் வந்து சேர்ந்தார். உயிர்ப்பயம் இல்லாமல் உட்கார்ந்து வேலை பார்க்க அவருக்குக் கிடைத்த ஒரே இடம் அந்த புரூஃப் மேசை. இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் பின்னால் அப்படி நடந்துகொண்டேன்.

அந்த வருஷம் வெளிநாட்டு இசைச் சங்கம் ஒன்றிலிருந்து மாதக் காலண்டருக்கு ஆர்டர் வந்தது. போன நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில் வாழ்ந்த இத்தாலிய இசையமைப்பாளர் ஒருவரைப் பற்றியது. ஆரம்பத்திலிருந்து கடைசி வரை பாடியே நடிக்கிற ஓபரா நாடகங்களுக்கு இசை எழுதியவர். இருபதுக்கும் மேலே எழுதியிருக்கிறார். அதில் பன்னிரண்டைத் தேர்ந்தெடுத்து, மாதத்துக்கு ஒன்றாக, மேடைக் காட்சியின் படம். படத்துக்குக் கீழே, அதை எழுதியபோது அவருக்கு என்ன வயது, வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று இரண்டு வரி. இசை தெரிந்தவர்கள் அவர் பெயரைக் கேட்டாலே கன்னத்தில் போட்டுக்கொள்வார்களாம். எங்கள் பிரஸ்ஸில் அவருக்கு வைத்த பெயர் இத்தாலிக்காரர், அவ்வளவுதான். அக்கா எழுத்துப்பிழை பார்க்கத்தான் முதலில் செல்போனில் தேடினார். தேடப்போனவர் அங்கேயே குடியிருந்துவிட்டார். டவுன் பஸ்ஸில் வரும்போதும் போகும்போதும், கீழே ஓடும் ஆங்கில வரிகளை வாசித்துக்கொண்டே, ஒவ்வொரு ஓபராவையும் மூன்று நான்கு நாளாகப் பிரித்துப் பிரித்துப் பார்த்து முடித்தார். எனக்கும் இயர்போனைக் கொடுத்துக் கேட்கச் சொன்னார். என் காதுக்கு அது ஒரு அம்மாள் மாடியிலிருந்து பக்கத்து வீட்டோடு சண்டை போடுகிற மாதிரி இருந்தது.

அந்தக் கதைகளில் முக்கால்வாசிப் பேர் செத்துவிடுகிறார்கள். விஷம், கத்திக்குத்து, காசநோய், எப்படியாவது ஒரு வழியில். ஆனால் யாரும் சட்டென்று சாவதில்லை. அப்பாவிடம் சொல்ல வேண்டியதை, காதலனிடம் சொல்ல வேண்டியதை, சாமியிடம் சொல்ல வேண்டியதை எல்லாம் நிறுத்தி நிதானமாகப் பாடிவிட்டுத்தான் கண்ணை மூடுகிறார்கள். மெஷின் செக்‌ஷனில் இதைச் சொல்லி ஒருநாள் கிண்டலடித்தோம். அக்கா கோபப்படவில்லை. "பாடிட்டுப் போகட்டும் தம்பி. எந்தங்கச்சி காலையில டிபன் வாளியத் தூக்கிட்டு, வாரேன்னு சொல்லிட்டுப் போனா. அவ்வளவுதான் பேசுனா. இவுகளுக்காவது சொல்லி முடிக்க அம்புட்டு நேரம் கெடைக்கே" என்றார். அதற்கப்புறம் அந்தக் கிண்டலை யாரும் எடுக்கவில்லை.

காலண்டரில் அவருக்கு மிகவும் பிடித்திருந்தது அதன் வரிசை. ஜனவரியில், இத்தாலிக்காரர் வாலிபத்தில் எழுதியது. மெழுகுவர்த்தி நடுவே ஒரு பெண்ணின் பிணம், அழுகிறவர்கள் சுற்றி. மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் அடுத்தடுத்துப் பறிகொடுத்த காலத்தை ஒட்டி எழுதியது என்று கீழே போட்டிருந்தது. டிசம்பரில், எண்பதை நெருங்கும்போது எழுதிய கடைசி ஓபரா. ஒரு குண்டு மனிதரைச் சுற்றி மேடை முழுக்க எல்லோரும் சிரிக்கிறார்கள். "இம்புட்டையும் பட்டுட்டு, கடைசியில ஊரே சிரிக்கிற மாதிரி எழுதிட்டுப் போயிருக்காரு பாத்தீகளா" என்று அந்தத் தாளை அக்கா தனியாக எடுத்து வைத்துக்கொண்டு பார்ப்பார். பன்னிரண்டு தாளும் திருத்தி முடித்ததும் மேலே இருந்த ஜாப் கார்டில், பிழை பார்த்தாயிற்று என்று கையெழுத்துப் போட்டார். மறுநாள் அம்மாவை விருதுநகர் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக லீவு.

தப்பு அவர் லீவில் இருந்த அன்று மத்தியானம் நடந்தது. எங்கள் பிரஸ்ஸில் எந்தக் காலண்டர் ஆனாலும் மெஷினில் சரியாக விழுகிற முதல் தாளுக்கு நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, பிள்ளையார் படத்துக்குக் கீழே வைத்துவிட்டுத்தான் மிச்சத்தை ஓட்டுவோம். அச்சுக்குப் பிளேட் போடும் முன் புரூஃபை வாங்கிப் பார்த்த மெஷின் போர்மேன் அதைக் கையிலேயே தொடவில்லை. "புது வருசத்து மொதத் தாள்ல பொணத்தப் போட்டுருக்கீக. இதுக்கு நான் எங்கன பொட்டு வைக்க?" என்றார். எனக்கும் உள்ளூர உறுத்திக்கொண்டுதான் இருந்தது. வருஷம் பிறக்கிற அன்று ஒரு வீட்டுச் சுவரில் எழவு வீட்டைத் தொங்கவிடுவதா? வெள்ளைக்காரன் வீடென்றாலும் வீடுதானே. ஜனவரிக்கும் டிசம்பருக்கும் படத்தை மாற்றினேன். கீழே இருந்த இரண்டு வரியும் படத்தோடு சேர்ந்தே இடம் மாறிவிட்டது. அதை நான் வாசித்துக்கூடப் பார்க்கவில்லை. புது புரூஃப் வைத்தால் பழையதைக் கிழித்துப் போட்டுவிட வேண்டும், இரண்டும் கிடந்தால் பிளேட் போடுகிறவர் குழம்பிவிடுவார் என்பது எங்கள் வழக்கம். கிழித்துப் போட்டேன். அக்காவின் கையெழுத்து இருந்த கார்டு மட்டும் மேலே அப்படியே இருந்தது. நல்ல காரியம் செய்த திருப்தியோடு டீ குடிக்கப் போனேன்.

லோடு போய்ச் சேர்ந்த பிறகு இசைச் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. எங்கள் இசைமேதை எண்பது வயதில் பிறந்து வாலிபத்தில் சாகிறாரா என்று கேட்டிருந்தார்கள். மொத்தத்தையும் வேண்டாம் என்றுவிட்டார்கள். முதலாளி எங்கள் இருவரையும் உள்ளே கூப்பிட்டார். அக்கா தாள்களைப் புரட்டிப் பார்த்தார். "நான் பாத்தப்ப இப்படி இல்ல, மொதலாளி" என்றார். "பெறகு? பேப்பரு தானா எந்திரிச்சு மாறிக்கிருச்சா? கையெழுத்து உங்களுதுதான?" என்று முதலாளி கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினார் அக்கா. அப்போது நான் ஒரு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. வேலை போய்விடும், கர்ப்பமாக இருக்கிற மனைவியிடம் என்ன சொல்வது என்று ஓடிய யோசனையில் அதை விழுங்கிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அக்கா என் முகத்தைப் பார்த்தாரா என்றுகூட எனக்குத் தெரியாது. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று முதலாளி சொன்னதும், மேசைக்குப் போய் சிவப்புப் பேனாவின் மூடியைத் தேடி எடுத்து மூடி வைத்துவிட்டுப் போனார்.

வேறு பிரஸ்களிலும் கேட்டுப் பார்த்தார் என்று காதில் விழுந்தது. சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் நடந்தது அடுத்த பிரஸ்ஸுக்குத் தெரிய ஒருநாள்கூட ஆகாது. அம்மாவுக்கு வைத்தியம் ஓட வேண்டும். மூன்று மாதத்தில் அக்கா மறுபடியும் பட்டாசுக் கம்பெனிக்குப் போனார். இதைக் கேட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் இறங்கியது. அப்படியே ஆறு வருஷத்தை ஓட்டிவிட்டேன் என்பதை எழுதுவதற்கே வெட்கமாக இருக்கிறது.

இந்த வருஷம் கோடையில் ஒரு மத்தியானம் விஸ்வநத்தம் பக்கமிருந்து சத்தம் வந்தது. பிரஸ் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. இந்த ஊரில் அந்தச் சத்தம் கேட்டதும் எல்லோரும் செல்போனைத்தான் எடுப்போம். அக்காவின் நம்பரை அழித்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன், இருந்தது. மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. சாயங்காலம் வரை நான் பட்ட பாட்டை விவரிக்கப் போவதில்லை. வேறு கம்பெனி, அக்காவுக்கு ஒன்றுமில்லை என்று பிறகு தெரிந்தது. மறுநாள் காலை ஏழு மணிக்கெல்லாம் விஸ்வநத்தத்தில் கம்பெனி வேன் வருகிற இடத்தில் போய் நின்றேன்.

அக்காவுக்குத் தலை நரைத்திருந்தது. விரல்களில் அலுமினியப் பொடியின் சாம்பல் நிறம் போகாமல் ஒட்டியிருந்தது. "வாங்க தம்பி, சொகமா இருக்கீகளா? பிள்ள என்ன படிக்கு?" என்று அவர்தான் முதலில் கேட்டார். நான் மடமடவென்று எல்லாவற்றையும் சொன்னேன். போர்மேன் சொன்னது, மாற்றியது, கிழித்துப் போட்டது, வாயைத் திறக்காமல் நின்றது. அக்கா டிபன் வாளியை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "மிசின்காரவுக வேலைன்னுதான் இம்புட்டு நாளும் நெனச்சிருந்தேன். உங்கள நெனைக்கல" என்றார். பிறகு, "மொதலாளிகிட்ட இதச் சொல்லிட்டீகளா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

"அப்ப அங்கனல்ல போயிச் சொல்லணும். எங்கிட்ட எதுக்குச் சொல்றீக? நான் தப்புப் பண்ணலங்கிறது எனக்குத் தெரியுமே."

வேன் வந்தது. ஏறி, உள்ளே தள்ளி உட்கார இடம் கேட்டுக்கொண்டு போய்விட்டார். திரும்பிப் பார்க்கவில்லை.

அன்றே முதலாளியிடம் சொன்னேன். எந்த ஆர்டர், எந்த அக்கா என்று நான் ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது. திரும்ப வேலைக்குக் கூப்பிடலாமா என்று கேட்டேன். இப்போது புரூஃபை ஆர்டர் கொடுக்கிறவர்களே பார்த்து அனுப்பிவிடுகிறார்களே, அந்த மேசையையே எடுத்தாயிற்றே என்றார். வேலையை விட்டுப் போகச் சொல்வார் என்று காத்து நின்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஏலே, அன்னைக்கே நீ சொல்லியிருந்தா ரெண்டு வசவு வஞ்சிட்டு விட்டுருப்பேன்லே. சீசன் நேரத்துல உன்னைய அனுப்பிட்டு நான் எங்கன போவேன்?"

இரண்டு வசவு. ஆறு வருஷத்துக்கு முன்னால் அந்த அறையில் எனக்குக் காத்திருந்தது அவ்வளவுதான்.