பாதையைக் கப்பலாக்கினேன்

திருகோணமலை நகரத்தில் பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுப்பவள் நான். இதைச் சொல்ல இப்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் கூசுகிறது. வீட்டு முன்னறையில் பிள்ளைகள் இருக்க எட்டுக் கதிரை, ஒரு நிலைக்கண்ணாடி, ஒரு பேணி நிறையப் பென்சில். பென்சிலைக் குறுக்காகப் பல்லில் கடித்துக்கொண்டு ஒரு பந்தி வாசிக்க வேண்டும். பிறகு அதை எடுத்துவிட்டு வாசித்தால் சொற்கள் தெளிவாக விழும். துறைமுகத்தில் கப்பல் ஊதினால், அதற்கு மேலாகக் கேட்கிற மாதிரி வயிற்றிலிருந்து குரலை எடுக்கச் சொல்வேன். பிள்ளைகளுக்குச் சிரிப்பு வரும். நான் சிரிக்க விடமாட்டேன். கண்டிப்பான டீச்சர் என்று பெயர் எடுத்திருந்தேன். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

கிண்ணியாவிலிருந்து ஒரு பிள்ளை வந்தாள். பதினான்கு வயது. சனிக்கிழமைகளில் தகப்பன் காலை மீன் வியாபாரத்தை முடித்துவிட்டு மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து இறக்குவார். உள்ளே வந்து இருக்கச் சொன்னால், "இல்ல டீச்சர், மீன் மணக்கும்" என்று மதிலோரமாகவே நிற்பார்.

அவளுக்கு ழகரம் வராது. மழை மளையாகும், பழம் பளமாகும். மூன்று மாதம் கண்ணாடிக்கு முன்னால் நிற்பாட்டி வைத்துப் போராடினேன். ஒருநாள், "இது என்ன, நாக்கா செருப்பா?" என்றுகூடக் கேட்டிருக்கிறேன். அவள் அழவில்லை. பேணியிலிருந்து இன்னொரு பென்சிலை எடுத்துக் கடித்துக்கொண்டாள். கடைசியில் மனப்பாடம் பண்ணியதைச் சொல்லும்போது மட்டும் ழகரம் வந்தது. சும்மா கதைக்கும்போது பழைய மளைதான்.

பேச்சுப் போட்டி வந்தது. தலைப்பு, 'நான் மதிக்கும் மனிதர்'. மற்றப் பிள்ளைகள் தலைவர்களையும் விஞ்ஞானிகளையும் எழுதிக்கொண்டு வந்தார்கள். இவள் எழுதியிருந்த முதல் வரி, "எங்கட வாப்பா பாதைல வேல செஞ்சவர்."

கிண்ணியாவுக்குப் பாலம் வருவதற்கு முன்னால் ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி இறக்கிய மிதவைக்கு எங்கள் பக்கத்தில் பாதை என்றுதான் பெயர். அது கரைக்கு வந்ததும் கயிறு கட்டுவது அவர் வேலை. பாலம் திறந்த பிறகுதான் மீன் பெட்டி. அவள் பாதையைக் கண்ணால் கண்டதில்லை, எல்லாம் அவர் சொன்ன கதை. பிள்ளைப்பேற்று வலியோடு வந்த ஒரு பெண் ஏறும்வரை, இழுக்கிற நீரோட்டத்தில் கயிற்றை விடாமல் பிடித்து நின்றிருக்கிறார். உள்ளங்கைத் தோல் உரிந்துவிட்டது. அந்தத் தழும்பைத் தான் தொட்டுப் பார்ப்பதாக எழுதியிருந்தாள்.

நான் சிவப்புப் பேனையை எடுத்தேன். "வெளியிலயிருந்து வாற நடுவர்மாருக்குப் பாதை எண்டா றோட்டுத்தான். அவர் றோட்டுப் போட்டவர் எண்டு நினைப்பினம்" என்றேன். அது உண்மையும்தான். ஒரு வரி விளக்கம் சேர்த்திருந்தால் போதும். நான் கப்பல் என்று எழுதினேன். 'ப்ப' உதட்டை மூடித் திறக்கும், கடைசி வரிசைக்கும் கேட்கும் என்று காரணமும் சொன்னேன். கப்பல் வந்ததும் கயிறு கட்டியவர் கடலோடி ஆனார். தழும்பு வெட்டுப்பட்டது. வாப்பா 'தந்தையார்' ஆனார். வாப்பாவிலும் அதே 'ப்ப' இருந்தது என் மண்டையில் ஏறவில்லை.

"டீச்சர், வாப்பா கப்பல்ல போகல்லயே" என்றாள்.

"மேடைக்கு அப்பிடித்தான் வேணும்."

"வாப்பாவும் கேக்க வாறார். அவருக்கெண்டுதான் எழுதின நான்."

"கேட்டுச் சந்தோசப்படுவார், பாருங்கோ." எந்தத் துணிவில் அப்படிச் சொன்னேனோ.

போட்டியன்று அவர் ஸ்திரிக்கை போட்ட வெள்ளைச் சட்டையோடு பின்வரிசையில் இருந்தார். மேடையில் அவள் பிசிறில்லாமல் பேசினாள். தந்தையார் அலைகளை எதிர்த்துக் கப்பல் செலுத்தினார். அவர் கண் கலங்குவார் என்று திரும்பிப் பார்த்தேன். வேறு யாருடைய பிள்ளையோ பேசுவதைக் கேட்பதுபோல மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். முதற்பரிசு அவளுக்குத்தான். எவ்வளவு சுத்தமான தமிழ் என்று ஒரு நடுவர் என்னிடமே வந்து பாராட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த நடுவர் பக்கத்தில் நிற்கும்போதே தகப்பன் வந்தார். "முதல் பரிசு, அல்ஹம்துலில்லாஹ். நல்லாப் பழக்கியிருக்கீங்க டீச்சர்" என்றார். பிறகு மகள் பக்கம் திரும்பி, கோபமே இல்லாமல், மெதுவாகக் கேட்டார். "பாதைல கயிறு கட்டினதச் சொல்ல வெக்கமா மகள்?"

அவள் ஒருதரம் என்னைப் பார்த்தாள்.

நான்தான் மாற்றினேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கும்? கப்பல் ஊதலுக்கு மேலாகக் குரல் எடுக்கச் சொல்லிக் கொடுக்கிற எனக்கு வாய் திறக்கவில்லை. நடுவருக்கு முன்னால் என் பெயர் கெட்டுவிடும் என்ற பயம், வேறொன்றுமில்லை. இன்றைக்கு நினைத்தாலும் என்மேல் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

"வெக்கமில்ல வாப்பா. நான்தான் மாத்தின. என்ட பிழை" என்றாள்.

"சரி மகள்" என்று அவர் பரிசுக் கோப்பையை வாங்கி, மோட்டார் சைக்கிளில் கட்டியிருந்த மீன் பெட்டிக்குள் வைத்தார். அடுத்த சனிக்கிழமை அவள் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. நானும் போன் எடுத்துக் கேட்கவில்லை.

சும்மா கதைக்கும்போது ஒருநாளும் வராத அந்த ழகரம், அன்றைக்கு 'பிழை' என்று சொல்லும்போது சுத்தமாக வந்திருந்தது.